கடனில் வந்த கம்பளி: ஏழை வீட்டுத் துணிப்பெட்டியின் வரலாறு

மன்னர் உடுத்த பட்டையும் அந்தப்புரத்துப் பூந்துகிலையும் பற்றி நம் வரலாறு நிறையவே பேசியிருக்கிறது. உழைப்பாளியின் வீட்டில் எத்தனை துணி இருந்தது? அது எங்கே வைக்கப்பட்டது? கிழிந்தபோது என்ன ஆயிற்று? புதிய துணி எந்தப் பணத்தில் வந்தது? இக்கேள்விகளை எழுப்பிய வரலாற்றாசிரியர் மிகச் சிலரே. அற்பக் கேள்விகள் என்று எண்ணினார்கள் போலும். ஒரு சமுதாயத்தின் பொருளாதார அடிப்படையை அறிய விரும்புவோர் அதன் கருவூலத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. அதன் ஏழை வீட்டுத் துணிப்பெட்டியையும் திறந்து பார்க்கவேண்டும். கூலியும், கடனும், சாதியும், பெண்ணின் இராப்பொழுதும் அங்கே துணியோடு துணியாக மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த விசாரணையை நாவுலவிலிருந்து தொடங்குவது பொருந்தும். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில், நாலந்தையைக் கடந்ததும் வருவது நாவுல. தெற்கே மழை மிகுந்த மலைச்சரிவுகள். வடக்கே வரண்ட சமவெளி. இரண்டுக்கும் இடையில் ஒரு வாசலைப்போல அமைந்த ஊர் அது. சமவெளியின் மெல்லிய பருத்தித் துணியோடு வந்த மனிதன், மலைக்குளிரை முதன்முதலாக உடலில் உணர்ந்தது ஏறக்குறைய இந்த எல்லையிலேதான்.

பெருந்தோட்டங்கள் தோன்றுமுன் இப்பகுதிக் கிராமத்தவர் துணியை எங்கிருந்து பெற்றார்கள்? ஒரு பகுதி சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர் மூலம் வந்தது. மற்றொரு பகுதியைக் கிராமமே செய்துகொண்டது. சேனையில் குரக்கனோடு பருத்தியும் விளைந்தது, பெண்கள் நூற்றார்கள், நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டோர் நெய்தார்கள். ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908 இல் வெளியிட்ட பெருநூலில், இந்தக் கைநெசவையும் அதன் நலிவையும் பதிந்து வைத்துள்ளார்.

அந்தப் பழைய அமைப்பைப் பொற்காலம் என்று போற்றிவிடவும் இயலாது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தாழ்த்தப்பட்ட சாதியார் முழங்காலுக்குக் கீழே நீண்ட துணி உடுத்தலாகாது என்ற வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். கடலுக்கு அப்பால் திருவிதாங்கூரின் தென்பகுதியில், நாடார் குலப் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட்டு, 1859 இலேதான் அரசாணை ஒன்றைப் பெற்றார்கள். நிலமானிய சமுதாயத்தில் துணியின் நீளத்தை அளந்த முழக்கோல் சாதியின் கையில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆலைத்துணி வந்தது. மலிவான அத்துணியின் முன் சோழமண்டலக் கரையின் தறியும் தளர்ந்தது. கண்டிக் கிராமத்தின் இராட்டினமும் ஓய்ந்தது. அளவுகோல் மெல்ல மெல்லச் சாதியின் கையிலிருந்து பணத்தின் கைக்கு மாறத் தொடங்கியது. பணம் யார் கையில் இருந்தது என்பதே இனிக் கேள்வி.

1830களின் இறுதியிலிருந்து கண்டி, மாத்தளை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் நிலமிழந்தோர் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். காடு கிழித்துச் சென்ற பாதையில் மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் காத்திருந்தன. 1841 முதல் 1849 வரை இறந்தோர் எழுபதினாயிரம் பேர் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்றே மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை கூடுதலா குறைவா என்று ஆய்வாளர் வாதிக்கலாம். பாதையோரத்துப் பிணங்களை எவரும் மறுத்ததில்லை. நடந்தவர்களிடம் இருந்த துணி எவ்வளவு? உடுத்தது ஒன்று, தலையில் கட்டியது ஒன்று, சட்டிபானையோடு சேர்த்துக் கட்டிய மூட்டை ஒன்று. மூட்டை கட்டிய துணியே இரவில் விரிப்பும் ஆயிற்று. மலையகத் தமிழரின் முதல் துணிப்பெட்டி அதுதான்.

அதே பாதையில் 1848 ஜூலை இறுதியில் வேறொரு கூட்டமும் நடந்தது. நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி, தெரு வேலைக்குக் கட்டாய உழைப்பு என்று ஆங்கில அரசு சுமத்திய பளுவைப் பொறுக்கமாட்டாத சிங்கள விவசாயிகள், தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, புரன் அப்புவோடு மாத்தளையை நோக்கிச் சென்றார்கள். ஒரே தெருவில், ஒரே பத்தாண்டில், ஒரே முதலாளித்துவத்தால் தாக்குண்ட இரு மக்கள் கூட்டங்கள். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவில்லை, அறிந்துகொள்ள விடப்படவுமில்லை. பின்னாளைய பல துன்பங்களுக்கு அந்த அறியாமையே வித்தாயிற்று.

மலையேறியவனுக்குத் தோட்டம் கொடுத்த முதற்பொருள்களுள் ஒன்று கம்பளி. குளிருக்கும் மழைக்கும் அதுவே காப்பு. கொழுந்து பறிக்கும் பெண் அதைத் தலையிலிருந்து முதுகுவரை கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டினாள். இரவில் அதே கம்பளி குழந்தைகளுக்குப் போர்வை. ஆனால் கம்பளி கருணையால் வந்த பொருளன்று. அதன் விலை தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்பட்டது. கரையிலிருந்து வந்த செலவு, வழியில் உண்ட சோறு, அரிசி, கம்பளி என்று பற்று ஏறிக்கொண்டே போனது. வரவு அதை எட்டிப்பிடித்ததே இல்லை. பெரிய கங்காணி ஆள் ஒன்றுக்குத் தலைக்காசு பெற்றான். கடனுக்கும் அவனே காவலன். குளிரிலிருந்து உடலைக் காத்த அந்தக் கம்பளியே கடனால் அதைக் கட்டியும் போட்டது.

இக்கடன் முறையின் உச்சியில் இருந்ததற்குத் 'துண்டு' என்று பெயர். கங்காணியின் ஆட்கள் பட்டுள்ள கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதமே அது. அதைக் கொண்டு கங்காணி வேறொரு தோட்டத்தில் பெருந்தொகை முன்பணம் வாங்குவான்; பழைய கடன் தீரும்; புதிய கடன் அதைவிடப் பெரிதாகத் தொழிலாளியின் தலையில் விழும். நம் மொழியில் தோளில் கிடக்கும் துணிக்கும் துண்டு என்றே பெயர். தோளில் கிடந்த துண்டு தொழிலாளிக்குச் சொந்தம். துரை எழுதிய துண்டுக்கோ அவனே சொந்தம்! 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இந்தியாவில் எழுந்த கண்டனமும் தொழிலாளரின் அமைதியின்மையும் இல்லாமல் அச்சட்டம் வந்திராது. எனினும் துண்டு ஒழிந்தபின்னும் வறுமை ஒழியவில்லை. லயத்துக் கொடியில் தொங்கிய துணியே அதற்குச் சாட்சி.

லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அடுப்பு, படுக்கை, அரிசி, விறகு, சில வேளை இரு குடும்பங்கள். அலுமாரிக்கு இடமேது? சுவருக்குச் சுவர் கட்டிய ஒரு கொடி. மூலையில் ஒரு தகரப் பெட்டி. இவ்விரண்டையும் கொண்டு ஒரு பெண் தன் வீட்டுத் துணிகளை ஒழுங்குபடுத்திய முறையைச் சற்று உற்று நோக்கினால், அதில் ஒரு முழுமையான பொருளாதார அறிவு இருப்பதைக் காணலாம்.

கொடி அன்றாடத்துக்கு; பெட்டி நாளைக்கு. பெட்டியின் அடியில் கூறைச்சேலை. அதன்மேல் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் உடுக்கும் நல்ல துணி. அதற்கு மேல், பிரசவத்துக்கென்று துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்த பழந்துணிகள். எல்லாவற்றுக்கும் மேல், திடீரென வேண்டப்படும் ஒரு வேட்டி, ஒரு சேலை: மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும், மரணச் செய்தி வந்தாலும் தேடாமல் எடுக்க. வேண்டும் நேரம் எவ்வளவு கிட்டியதோ அவ்வளவு மேலே என்பதே இவ்வடுக்கின் விதி. இலட்ச ரூபாய் அலுமாரிக்கும் இதைவிடச் சிறந்த விதி இல்லை.

மழைக்காலத்தில் துணி காயாது. ஈரம் முற்றாகப் போகாத துணியைப் பெட்டியில் இட்டால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும்; அடுப்புக்கு மேலே உலர்த்தினால் புகை நாற்றம் ஏறும். ஆகவே வெயில் கண்ட முதல் ஞாயிற்றுக்கிழமை பெட்டி முழுவதும் வாசலுக்கு வரும். ஒவ்வொரு துணியும் உதறப்பட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கப்படும். நூல் தளர்ந்த இடம் கிழியுமுன்பே அங்கு ஊசி ஓடும். பெட்டியின் அடியில் பழைய தாளும் உலர்ந்த வேப்பிலையும் புதிதாக இடப்படும். வெள்ளைத் துணி நீலத்தில் தோய்ந்து, கஞ்சியில் விறைத்து மறுபிறவி எடுக்கும். ஒரு சதமும் செலவாகாமல் வீட்டுத் துணி புதுமை பெற்றது. செலவானது அவளுடைய ஒரே ஓய்வுநாள்.

ஒரு சேலையின் வாழ்க்கை வரலாற்றையும் சொல்லவேண்டும். முதலில் அது நல்ல நாளுக்கு, பிறகு மலைக்கு. முந்தானைப் பக்கம் நைந்தால், அதேபோல நைந்த இன்னொரு சேலையின் நல்ல பாதியோடு சேர்ந்து ஒட்டுச்சேலை ஆகும். அதுவும் தளர்ந்தால் குழந்தைக்கு ஏணை; எஞ்சிய துண்டில் பாவாடை, தலையணை உறை. கோதுமை மா வந்த பருத்திச் சாக்கும் இந்தக் குடும்பத்தில் சேரும். எழுத்து மறையும்வரை அவித்துத் துவைத்தால் அதுவும் ஒரு விரிப்பு. பின்னர் மாதவிலக்குத் துணி. இதைச் சொல்ல நாணுவோர் உண்டு. ஏழைப் பெண்ணின் உடல்நலம் அந்தப் பழந்துணியின் தூய்மையையும், அதை வெயிலில் உலர்த்த அவளுக்கு மறைவிடம் இருந்ததா என்பதையும் பொறுத்திருந்தது என்ற உண்மைக்கு நாணம் இல்லை. கடைசியில் அடுப்பங்கரைப் பிடிதுணி. அதற்கும் கடைசியில் விளக்குத் திரி. நூல் நூலாகப் பிரிந்து வெளிச்சம் தந்தபின்னரே அந்தச் சேலை இவ்வுலகைவிட்டுப் போயிற்று.

இத்தகைய அறிவு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. வங்கத்து உழவர் வீட்டுப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் காந்தா என்ற போர்வை செய்தார்கள். யப்பானின் வடபகுதிக் குடியானவர் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்ட துணியைப் போரோ என்கிறார்கள். இன்று அது கலைப்பொருளாகி நூதனசாலைகளில் தொங்குகிறது. பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை ஆடைக்குப் பங்கீடு இருந்தது. 1943 இல் அந்நாட்டு அரசே பழந்துணியைத் திருத்திப் பயன்படுத்தும் வழிகளைக் கைந்நூலாக அச்சிட்டது. கூப்பன் செல்வந்தருக்கும் ஏழைக்கும் ஒன்றுபோலவே விதிக்கப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளில் அந்தச் சிக்கனமும் முடிந்தது. லயத்துப் பெண்ணுக்கோ எந்த அரசும் கைந்நூல் தரவில்லை. அவளுடைய போர்க்காலம் நூறாண்டைக் கடந்தும் முடியவில்லை.

துணியை வெளுத்தவரையும் மறந்துவிடலாகாது. தோட்டத்தில் டோபிக்கும் பாபருக்கும் உரிய காசு தொழிலாளியின் சம்பளத்திலிருந்து செக்ரோலில் பிடிக்கப்பட்டது. கிராமத்துக் குடிமை முறை தோட்டத்துக் கணக்கில் இவ்வாறு புது வடிவம் பெற்றது. வண்ணாரின் பிள்ளை வண்ணாராகவே இருக்கவேண்டும் என்ற சாதி விதியும் கூடவே கப்பலேறி வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு வெளுப்பவரை அவர்களினும் கீழாக வைத்தது நம் சமுதாயம். யாழ்ப்பாணத்தில் துரும்பரும் தமிழகத்தில் புதிரை வண்ணாரும் அதற்குச் சான்று. நம் வெள்ளைத் துணியின் வெண்மையில் இந்தக் கறையும் உண்டு.

1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்தியது. அதன்படி வந்த நாட்கூலி ஆணுக்கு ஏறத்தாழ அரை ரூபாய். அதே மலையில் நின்ற பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அதே 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கை வந்தார். மலையகத் தொழிலாளரும் தம் சில்லறையை முடிச்சவிழ்த்துக் கொடுத்தார்கள். மாற்றுத்துணிக்கு வழியற்றவர்கள், நெய்பவரின் வயிற்றுக்காகக் கொடுத்த காசு அது. 1930களில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தோட்டந்தோட்டமாகச் சென்று சங்கம் வளர்த்தபோது, பற்றுக்கும் வரவுக்கும் இடையிலிருந்த மர்மத்தைத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

பின்வந்த வரலாற்றையும் அந்தத் தகரப் பெட்டி கூறும். 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று விட்டது. பாட்டன் மூட்டையோடு வந்த அதே திசைக்குப் பேரன் பெட்டியோடு திரும்பினான். தலைமன்னார்த் துறையில் திறந்து சோதிக்கப்பட்ட பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் துணியும் பாத்திரமுமே. தங்கியவர்க்கும் அமைதி இல்லை. 1983 ஜூலையில் மாத்தளை நகரத்தில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன; முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. உடுத்த துணியோடு ஓடினோம் என்று நம் மொழியில் ஒரு வழக்கு இருக்கிறது. பல தலைமுறை அடுக்கிய பெட்டி ஒரே இரவில் உடுத்த துணியாகச் சுருங்குவதன் பொருள் அதுவே.

இன்றைய நிலை என்ன? 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் இலங்கை உலகுக்கே ஆடை தைத்துக் கொடுக்கும் நாடாயிற்று. 1992 இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அத்தொழிலைக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. சிங்களக் கிராமத்து யுவதியும் தோட்டத்து யுவதியும் ஒரே வரிசைத் தையல் இயந்திரங்களின்முன் அமர்ந்து, தூர தேசத்து அலுமாரிகளை நிரப்புகிறார்கள். 1848 இல் ஒரே தெருவில் அறியாமலே கடந்துசென்றவர்களின் பேத்திகள் இன்று அடுத்தடுத்த இருக்கைகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கான பொருளாதார அடிப்படை இப்போது இருக்கிறது என்பது சிறு நம்பிக்கையன்று. தோட்டத்து நாட்கூலி 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாயாயிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1350 ரூபாயாயிற்று. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைகள் அந்த உயர்வை முன்னதாகவே தின்றுவிட்டிருந்தன. ஆகவே பெட்டியும் கொடியும் ஊசியும் இன்னும் பணியிலிருந்து ஓய்வுபெறவில்லை.

வீட்டுத் துணியைக் குறைந்த செலவில் ஒழுங்காக வைப்பது எப்படி என்று வணிக உலகமும் உபதேசம் செய்கிறது. புதிய பெட்டி வாங்குங்கள், புதிய உறை வாங்குங்கள், வாசனைப் பொதி வாங்குங்கள் என்பதே அதன் சாரம். உழைப்பாளி வீட்டுப் பெண்கள் கண்ட முறையில் வாங்குவது கடைசி. முதலில் எண்ணு; பிறகு உடுப்பது, மாற்று, காப்பது என்று பிரி; கிழியுமுன் தை; முற்றாகக் காயாததை மடிக்காதே; கழிப்பதற்கு முன் அதன் அடுத்த வேலை என்ன என்று கேள். இவ்வைந்தும் எந்தப் பள்ளியிலும் கற்பிக்கத் தக்கவை. மாணவிக்கு மட்டும் கற்பித்தால் பழைய அநீதியையே பாடமாக்கியவர்களாவோம். மாணவனும் ஊசியில் நூல் கோக்கக் கற்கட்டும்.

அதே வேளை ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சிக்கனம் அறிவு, அது கூலிக்கு மாற்றீடு ஆகாது. ஒட்டுச்சேலையின் அழகைப் புகழ்ந்துவிட்டு, அதை ஒட்டவைத்த கூலியைப் பற்றி வாய் திறவாதவன் கலைரசிகனாக இருக்கலாம், மக்களின் நண்பனாக இருக்கமுடியாது. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் கம்பளியின் விலை சதம் தவறாமல் பற்றாக எழுதப்பட்டது. நாள் முழுதும் கொழுந்தெடுத்தபின் மண்ணெண்ணெய் விளக்கடியில் அந்தக் கம்பளியின் கிழிசலைத் தைத்தவளின் உழைப்பு எந்தப் பக்கத்திலும் வரவாக எழுதப்படவில்லை. அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் தொழிலாளி மானத்தோடு வந்து நிற்க அந்த உழைப்பே காரணம். அதன் பயனைத் தோட்டம் இலவசமாகப் பெற்றது. மலையக வரலாற்றின் எழுதப்படாத பக்கம் அதுவே.

மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் முன்னோரின் பாதையிலேயே வந்து ஆகஸ்ட் 12 இல் மாத்தளையில் நிறைவெய்தியது. பாதையை நினைவுகூர்ந்தாயிற்று, இனி அப்பாதை கொண்டுசென்ற மூட்டைகளையும் நினைவுகூர்வோம். ஆசிரியர்கள் இதை ஒரு வகுப்பு வேலையாகவே தரலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மூத்த பெண்மணியின் அனுமதியோடு பெட்டியைத் திறந்து, எது எந்த ஆண்டு வந்தது, எந்தப் பணத்தில் வந்தது, யார் தைத்தார், எத்தனை முறை உருமாறியது என்று கேட்டு எழுதட்டும். மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளை எழுதியதை நாவுலக் கிராமத்துப் பிள்ளையும், நாவுலப் பிள்ளை எழுதியதை மாத்தளைப் பிள்ளையும் மொழிபெயர்த்துப் படிக்கட்டும். பற்று மட்டுமே எழுதப்பட்ட அந்தப் பழைய கணக்கில் வரவின் முதல் வரி அப்போது எழுதப்படும்.